போன வருஷத்து மடிப்பு

மடிப்பு மாஸ்டர் வீட்டுக்குப் போகிறவர்கள் உட்கார மாடிப்படிதான் உண்டு. கூடம் முழுக்க ஒரே ஒரு மேசை. தெருக்கதவுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து அடுக்களை வாசல்வரை நீண்டு கிடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "ரயில் பிளாட்பாரத்தையா வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க?" என்று அவர் மனைவி கேட்டாளாம். அன்றிலிருந்து அந்த அம்மாள் அடுக்களைக்கு ஒருக்களித்துத்தான் போகிறாள், ஒருக்களித்துத்தான் வருகிறாள். குழம்புச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரும்போது, "நான் நண்டாப் பொறந்திருக்க வேண்டியவ" என்பாள். அந்த மேசைமேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் அப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். சாப்பாடு, தண்ணீர், டீ எதுவும் மேசைப்பக்கம் வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மேசை எதற்கென்றால், ரிசர்வ் மடிப்பதற்கு. ஊருக்குப் பின்னால் இருக்கிற மலைமேலிருந்து துணிச் சிறகை விரித்து, சுற்றுலா வருகிறவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பறந்து, கீழே வயலில் கொண்டுவந்து இறக்குவதுதான் அங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. நல்ல நாளில் சிறகு சொன்னபடி கேட்கும். உச்சி வெயிலில் சரிவிலிருந்து சூடு கிளம்பிக் காற்று முரண்டு பிடிக்கிற நாளில், அதே சிறகு ஒரு பக்கம் சுருண்டு ஆளைப் பம்பரமாகச் சுற்றிவிடும். அப்போது இருக்கைக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை இழுத்து, கையோடு வருகிற பொட்டலத்தைத் தூர வீசவேண்டும். அந்தப் பொட்டலம்தான் ரிசர்வ். அது காற்றில் பிரிந்து குடையாக விரிந்தால் ஆள் பிழைத்தான்.

சும்மாவே கிடக்கிற பொருள் அது. சும்மா கிடப்பதுதான் அதற்குக் கேடும். இருக்கைக்கு அடியில் அமுங்கி அமுங்கி மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரம் ஏறும். கயிற்றைக் கட்டிய ரப்பர் பாண்டு இளகிப் பிசுபிசுத்துப்போகும். அதனால் ஒவ்வொரு சீசனும் ஆரம்பிக்குமுன், சிறகில் ஆட்களை ஏற்றிப் பறக்கிற பைலட்டுகள் தங்கள் ரிசர்வைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டு மாடிப்படியில் வந்து உட்காருவார்கள்.

மாஸ்டர் முதலில் துணியை உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டுக் காற்றாட விடுவார். அந்த நாட்களில் வீடு முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாகத் துணி தொங்கும். மனைவி, "புயலுக்குப் பயந்து மேகமெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வந்து ஒதுங்கியிருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பிறகு மேசையில் கிடத்தி, கயிறுகளைச் சிக்கெடுத்து, துணியின் ஒவ்வொரு பட்டியையும் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோலப் புரட்டி, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று அடுக்குவார். நழுவாமலிருக்க மேலே நீள நீளமான மணல் பைகள். அப்புறம் குறுக்காக மடித்து உள்பைக்குள் வைத்து, கயிற்றைச் சுருட்டி அந்தப் பையின் புது ரப்பர் பாண்டில் செருகுவார். கடைசியில் வெளிப்பையை மூடி, கைப்பிடியின் ஊசியைச் செருகி, ஊசிமேல் மெல்லிய நூல் ஒன்றைக் கட்டுவார். இழுத்தால் பட்டென்று அறுந்துவிடுகிற நூல். அதுதான் முத்திரை. போன வருஷம் சிவப்பு. இந்த வருஷம் பச்சை. பறக்கிற இடத்தில் பச்சை நூலைப் பார்த்துவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

மாஸ்டருக்கு வாய் அதிகம். ஆனால் திட்டுவதையும் மரியாதையாகத்தான் திட்டுவார். "ஈரத்தோட மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கீங்களே, இது பாராசூட்டா, ஊறுகாயா?" என்பார். மடித்துக் கையில் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். "பத்திரமாப் பறங்க." அவர் 'டா' போட்டுப் பேசுகிற ஒரே பைலட் தும்பி. மனைவியின் தம்பி. சின்ன வயதில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஓரிடத்தில் நில்லாமல் அலைந்ததால் வந்த பெயர். பின் தெருவில் குடியிருந்தாலும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். மற்றவர்கள் மாடிப்படியில் காத்திருக்க, அவன் மட்டும் ஒருக்களித்து நேரே அடுக்களைக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பான். அவனுக்கு மாஸ்டர் சொல்வது, "பாத்துப் போடா."

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் ஒரு நாள் மத்தியானம் நெட்டையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். அவனும் பைலட்தான்.

"மாஸ்டர், தும்பி எறிஞ்சுட்டான்!"

ஜன்னலோரம் தையல் மிஷினில் கிழிந்த சிறகு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் கால் அப்படியே நின்றது.

"முழுசாச் சொல்லுங்க தம்பி" என்றார் மாஸ்டர்.

"உசுரோட இருக்கான். ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. முன்னால ஒரு டீச்சரம்மா உக்காந்திருந்தாங்க. பழத்தோட்டத்துல ஒரு மரத்து மேல போய் மாட்டிக்கிட்டாங்க, எறக்கியாச்சு. அவனுக்குக் கால்ல எலும்பு ஒடிஞ்சிருக்கு, அந்தம்மாவுக்குக் கை. அவ்வளவுதான். உங்க ரிசர்வ் காப்பாத்திடுச்சு மாஸ்டர்!"

மனைவி ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எழுந்துவந்து, கணவனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாஸ்டர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

"கையில பசை இருக்கு" என்றார். கையில் பசை ஒன்றும் இல்லை.

நெட்டையன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் லேட்டாத்தான் மாஸ்டர் தெறந்துச்சு. நான் மேலேருந்து பாக்குறேன், பொட்டலம் பொட்டலமாவே போகுது. நீண்டுக்கிட்டே போகுது, விரிய மாட்டேங்குது. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அப்புறம் பட்டுன்னு விரிஞ்சுது பாருங்க! இன்னும் கொஞ்சம் கீழ வந்திருந்தா முடிஞ்சுது கதை."

"ரெண்டு பேரத் தாங்குற ரிசர்வு, பெருசு. மெதுவாத்தான் தெறக்கும்" என்றார் மாஸ்டர்.

பெரிய ரிசர்வ் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும் என்பது உண்மைதான். அத்தனை மெதுவாகத் திறக்காது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ரிசர்வை அவர் இந்த வருஷம் மடிக்கவில்லை. பிரிக்கக்கூட இல்லை.

நடந்தது இதுதான். சீசனுக்கு முன்னால் தும்பிதான் எல்லாருக்கும் முந்திக்கொண்டு ரிசர்வைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடையதுதான் இருப்பதிலேயே பெரிசு, விரித்தால் முழு மேசையும் வேண்டும். வெளியாட்கள் வரிசையில் நின்று, "எப்ப மாஸ்டர், எப்ப மாஸ்டர்" என்று பிடுங்குகிறார்கள். தும்பி பிடுங்கமாட்டான். நம்ம பயதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தூக்கி உள்ளறை அலமாரிமேல் வைத்தார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தருடையது அதற்கு முன்னால் வந்து நின்றது. சீசன் தொடங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம், படி நிறைய ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தும்பி வந்து, "மாமா, என்னுது ஆச்சா? காலைல மொத டிக்கெட்டே எனக்குத்தான்" என்று கேட்டான்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னடா கேள்வி கேக்குற? உன்னுதத்தான் உங்க மாமா மொதல்ல மடிச்சிருப்பாரு!"

"அதானே, மச்சானுக்குப் போகத்தானே மத்தவங்களுக்கு" என்றான் நெட்டையன். படியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்த பிறகு, இல்லை என்று எப்படிச் சொல்வது? யாருடையதும் நாள் தவறியதில்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் அப்போதுதான் பெருமை பேசியிருந்தார். "இரு, எடுத்துத் தர்றேன்" என்று உள்ளே போனார். அலமாரிமேலிருந்து அதை இறக்கி, சிவப்பு நூலைக் கத்தரித்துப் பச்சை நூலைக் கட்டினார். வெளியே டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "பாத்துப் போடா" என்று கையில் கொடுத்தார்.

முதல் மழை நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிப் பிரித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். மழை வந்தது. அன்றைக்கு வேறு யாருக்கோ அவசரம். அடுத்த மழைக்கு உடம்பு சரியில்லை. மறந்துபோனார் என்று மட்டும் சொல்லமுடியாது. தும்பி மலையேறுகிற ஒவ்வொரு நாளும் மாஸ்டர் மொட்டைமாடியில் நின்று, அவன் வயலில் இறங்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தம்பிமேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று மனைவி அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். ஒரு பை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டார். தும்பி காலைக் கட்டித் தூக்கித் தொங்கவிட்ட நிலையில் நர்சிடம் வாயடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டரைக் கண்டதும் படுத்தபடியே இரண்டு கையையும் விரித்தான்.

"சிஸ்டர், இவருதான்! நான் சொன்னேன்ல, எங்க மாமா!"

"காலைலேர்ந்து உங்க புராணம்தான் சார். காது வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்.

மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மாப்ளே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. நான் சொல்றதக் கேளுங்க. சிறகு மடங்கிச் சுத்துது பாருங்க, வானம் எது தரை எதுன்னு தெரியல. சரி எறிஞ்சுடுவோம்னு எறிஞ்சுட்டேன். எறிஞ்சா, அது தெறக்காமப் போய்க்கிட்டே இருக்கு. வேற யாரா இருந்தாலும் அங்கயே பயத்துல செத்திருப்பான். எனக்குப் பயமே இல்ல மாமா. சத்தியமாச் சொல்றேன். முன்னால டீச்சர் அலறுறாங்க. 'அலறாதீங்க டீச்சர், எங்க மாமா மடிச்சது, தெறக்கும்'னு சொன்னேன். சொல்லி வாய மூடல, படார்னு தெறந்துச்சு!"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று மாஸ்டர் நினைத்தார். கை சும்மா இருக்கமுடியாமல் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். பிறகு இன்னொன்று. தும்பி பேசப் பேச அவர் உரித்துக்கொண்டே இருந்தார்.

"அத்தனையையும் உரிச்சு வச்சிட்டீங்களே மாமா, யாரு திங்கிறது?" என்று கேட்டான் தும்பி.

எறியப்பட்ட ரிசர்வைத் தோட்டக்காரர் மரத்திலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கைப்பிடியோடு கழன்று விழுந்த உள்பையையும் புல்லில் தேடி எடுத்து வந்திருந்தார். நல்ல மனுஷர். மாஸ்டர் உள்பையை மட்டும் வாங்கி ஒளித்துவைத்திருக்கலாம். அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. வீட்டில் இருக்க இஷ்டமில்லாமல் சும்மா வயலோரம் நடந்துகொண்டிருந்தார். மனைவிதான் வாங்கி, துணியைக் கொக்கியில் மாட்டி, இலையும் சுள்ளியும் பொறுக்கி, எங்கெங்கே கிழிசல் என்று சாக்பீஸால் வட்டம் போட்டாள். தம்பியின் உயிரைத் தாங்கிய துணி என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியாக உள்பையைக் கையில் எடுத்தாள்.

மாஸ்டர் திரும்பி வந்தபோது மேசைமேல் ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி வைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மேசைமேல் சாப்பாட்டுத் தட்டு ஏறியதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் உள்பை கிடந்தது.

"சாப்பிடுங்க" என்றாள்.

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"இது என்ன கலர்?" உள்பையில் தொங்கிய ரப்பர் பாண்டைச் சுண்டுவிரலால் தொட்டுக்காட்டினாள். பழுப்பு நிறம். இளகி, இழுத்தால் மிட்டாய்ப் பாகுபோல நூல் விட்டது.

அவர் தொங்குகிற துணியின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"இந்த வருஷம் பாண்டு வாங்கியாந்தவ நான். கடையில நீலம்தான் இருந்துச்சு. 'பள்ளிக்கூடப் பிள்ளை ரிப்பனாட்டம் நீலத்த வாங்கியாந்திருக்க'ன்னு என்னை என்ன பேச்சுப் பேசினீங்க! எங்க அந்த நீலம்?"

"நேரம் இல்ல" என்றார் மெதுவாக.

"நேரம் இல்லன்னா இல்லன்னு சொல்றதுக்கு என்ன?"

"எல்லாரும் இருந்தாங்க. நீதான் முந்திக்கிட்டு, மொதல்ல மடிச்சிருப்பாருன்னு சொல்லிட்ட."

தொங்குகிற துணி காற்றில் அசைந்து அவள் தோளில் உரசியது.

"ஆமா, சொன்னேன். உங்க மேல இருந்த நம்பிக்கையில சொன்னேன். நான் வாய் முந்திச் சொன்ன ஒரு பேச்சக் காப்பாத்துறதுக்கு என் தம்பியப் பணயம் வச்சீங்களா? அவன் அங்கிருந்து விழுந்துக்கிட்டே 'எங்க மாமா மடிச்சது'ன்னு சொன்னானாம். எங்கிட்டயும் சொன்னான். கேக்குறப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும்."

"இன்னொண்ணும் கேளுங்க. இந்தப் பாண்டப் பாத்ததும் மொதல்ல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நேரா அடுப்பாண்ட போய்த் தீப்பெட்டிய எடுத்துட்டேன். எரிச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு. என் கூடப்பொறந்தவன் சாகப் பாத்திருக்கான், நான் உங்க பேரக் காப்பாத்தத் தீப்பெட்டிய எடுக்குறேன். உங்களவிட நான் என்ன ஒழுங்கு?" அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். சோத்தச் சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார். அந்த மேசையில் குனிந்து சோற்றைப் பிசைவதைவிட அவள் தன்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று நினைத்தார். ஒரு பருக்கை கீழே விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

பறக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ரிசர்வை எறிந்து பிழைத்தவர்கள், நடமாட்டம் வந்ததும், மடித்தவர் வீட்டுக்கு வந்து ஒரு சட்டைத்துணி கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற பைலட்டுகளும் கூட வருவார்கள். மாஸ்டர் போட்டுக்கொள்கிற சட்டைகளில் பாதி அப்படி வந்தவை. யாராவது புதிதாக வந்தால், "இந்தக் கட்டம் போட்டது, மலைக்கு அந்தப் பக்கம் எறிஞ்சவர் குடுத்தது" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படித்தான் வந்தார்கள். தும்பி கவட்டுக்கட்டையில் தாவித் தாவி வந்தான். அவனோடு மரத்தில் தொங்கிய டீச்சர், கணக்கு டீச்சராம், கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொட்டில் கட்டி வந்திருந்தாள். நெட்டையனும் மற்றவர்களும் படி நிறைய உட்கார்ந்தார்கள். டீச்சர் நல்ல கையால் துணிப்பொட்டலத்தை நீட்டினாள்.

"சார், எனக்குப் பெரிசாப் பேச வராது. ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு. அன்னைக்குச் சாயங்காலம் அதுங்களப் பாத்தேன். அவ்வளவுதான் சொல்லத் தெரியுது" என்றாள்.

மாஸ்டர் கை நீட்டவில்லை. தரையைப் பார்த்தார்.

"நான் அத வாங்கக் கூடாதும்மா. அந்த ரிசர்வ நான் மடிக்கல."

தும்பிதான் முதலில் சிரித்தான். "மாமா, வெளையாட்டு வேண்டாம், வாங்குங்க. டீச்சருக்குக் கை வலிக்கும்."

"வெளையாட்டு இல்லடா. இந்த வருஷம் பிரிக்கவே இல்ல. நூல மட்டும் மாத்திக் கட்டிக் குடுத்துட்டேன். அதான் லேட்டாத் தெறந்துச்சு. ஒட்டிப்போய் இருந்திருக்கு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னபிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மனைவி ஒருக்களித்து வந்து உள்பையைத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் பழுப்பு பாண்டை இழுத்துப் பார்த்தான். விரலில் ஒட்டிக்கொண்டது. சட்டையில் துடைத்தான், போகவில்லை.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"இதப் பாத்தப்புறந்தான் தெரியும்."

"மொதல்ல மடிச்சிருப்பாருன்னு சொன்னியே."

"சொன்னேன்டா."

டீச்சர்தான் கேட்டாள். "அப்ப எங்களக் காப்பாத்துனது எது சார்?"

"போன வருஷத்து மடிப்பு."

"அது யாரு மடிச்சது?"

"நான்தான்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பொட்டலத்தை மேசையின் ஓரத்தில் வைத்தாள். "அப்ப இது போன வருஷத்து உங்களுக்கு. இந்த வருஷத்து ஆளு இதத் தொடக்கூடாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விடைத்தாளில் மார்க் போடுகிறவள்போலச் சொல்லிவிட்டு, மாஸ்டர் மனைவியின் தோளைத் தொட்டு, "வர்றேங்க" என்று கிளம்பிவிட்டாள்.

தும்பி கட்டையை ஊன்றிக்கொண்டு அவள் பின்னால் போனான்.

"அப்ப என்னுது?" என்று கேட்டான் நெட்டையன்.

கேட்க வேண்டிய கேள்விதான். மத்தியானத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை ரிசர்வும் மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டன. யாரும் டீ கேட்கவில்லை. ஒவ்வொருத்தராகக் கைப்பிடியை இழுத்து, பச்சை நூலை அறுத்து, பொட்டலத்தை மேசைமேல் போட்டார்கள். மாஸ்டர் தள்ளி நின்றார். அவர்களே பிரித்தார்கள். நீலப் பாண்டு. அடுத்தது, நீலம். அதற்கு அடுத்ததும் நீலம். தாள் தாளாக வழுக்கிக்கொண்டு துணி பிரிந்தது. ஒன்றில்கூட ஒரு சுருக்கம், ஒரு முறுக்கு இல்லை. எப்போதும் மடிப்பதைவிட அந்த வருஷம் இன்னும் நன்றாகத்தான் மடித்திருந்தார்.

"எங்களுது எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்றான் நெட்டையன், கடைசியில். அவன் அதைப் பாராட்டாகச் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது. மாஸ்டருக்கு, ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக்கூடாதா என்றிருந்தது. வேலையில் கவனம் போச்சு, வயசாச்சு என்று ஊர் பேசிவிட்டுப் போயிருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை. ஊராருக்கெல்லாம் ஒழுங்காகச் செய்தவன், வீட்டுப்பிள்ளைக்கு மட்டும் செய்யாமல் விட்டான் என்பது மேசைமேல் விரித்துப் போட்ட மாதிரி எல்லாருக்கும் தெரிந்துபோனது.

சிலர் ரிசர்வைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்கு மடிக்கப் போனார்கள். மற்றவர்கள் விட்டுப்போனதை மாஸ்டர் மறுபடி மடித்தார். இப்போது அவர்கள் படியில் உட்காருவதில்லை, மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. ஒருத்தர் ஈரத்தோடு கொண்டுவந்தபோதுகூட, "காய வச்சுடலாங்க" என்று சொன்னார். டீச்சர் கொடுத்த துணி பொட்டலம் பிரிக்காமல் அலமாரிமேல் இருந்தது, முன்பு தும்பியின் ரிசர்வ் இருந்த அதே இடத்தில்.

தும்பி சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். மனைவி தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போவாள். திரும்பி வந்ததும் மாஸ்டர், "சாப்பிட்டானா?" என்று கேட்பார். "சாப்பிட்டான்" என்பாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வளராது. மரத்தில் கிழிந்த அவன் ரிசர்வை அவளே மிஷினில் வைத்து ஒட்டுப்போட்டுத் தைத்து, அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

கால்கட்டை அவிழ்த்தபிறகு ஒரு நாள் தும்பி வந்தான். லேசாகச் சாய்ந்து நடந்தான். தோளில் ரிசர்வ் பை. வழக்கம்போல அடுக்களைக்குப் போவான் என்று மாஸ்டர் மேசையோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அவன் வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டான்.

"மாஸ்டர், ரிசர்வ் மடிக்கணும்" என்றான்.

அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"குடு மாப்ளே, இதோ" என்று மாஸ்டர் பதறிப்போய், மேசையில் பாதி மடித்துக் கிடந்த யாருடையதையோ ஓரம் தள்ளப் போனார். "இப்பவே மடிச்சுடலாம். மொதல்ல உன்னுத..."

"வேணாம். வரிசையில வைங்க. மொதல்லயும் வேணாம், கடைசியிலயும் வேணாம். அதோட மொற வரும்போது மடிச்சாப் போதும்."

"டீ போடுறேன், குடிச்சிட்டுப் போடா" என்றாள் அக்கா, அடுக்களை வாசலில் நின்று.

"குடுங்க, இங்கயே குடிக்கிறேன்" என்றவன், மாடிப்படியில் ஓர் ஓரமாக, மற்றவர்களோடு போய் உட்கார்ந்தான். அக்காவுக்கும் சேர்த்துத்தான் அந்த 'குடுங்க' என்பது அவளுக்குப் புரிந்தது. டம்ளரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து வந்து கொடுத்தாள்.

அவன் முறை வந்தபோது மாஸ்டர் துணியைக் கிடத்தினார். மனைவி போட்ட ஒட்டுத் தையல்களைத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு பட்டியாகப் புரட்டினார். தும்பி எழுந்துவந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தான். ஒரு மணல் பை நழுவியபோது எடுத்துக் கொடுத்தான். நீலப் பாண்டு எடுத்துச் செருகும்போது மாஸ்டர் அதை அவன் பக்கம் தூக்கிக் காட்டினார். அவன் தலையாட்டினான். பச்சை நூலைக் கட்டும்போதுதான் முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினார், நழுவியது. மனைவி வந்து முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தும்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "வர்றேன் மாஸ்டர்" என்றான்.

'பாத்துப் போடா' என்பது மாஸ்டருக்குத் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்கிற உரிமை தன்னிடம் இல்லை என்று தெரிந்ததால், எல்லாருக்கும் சொல்வதையே சொன்னார்.

"பத்திரமாப் பறங்க."